சனிக்கிழமைக் கதை: கொட்டாரத்து இளவரசியைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறைக்குப் பக்கத்தில் ஒரு நூலகத்தில், சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளுக்கு நான் எழுதிவரும் நாவலை அத்தியாயம் அத்தியாயமாக வாசித்துக் காட்டுகிறேன். ஏழாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை படிக்கிற பிள்ளைகள் வருகிறார்கள். இதுவரை 19 அத்தியாயம் ஆகிவிட்டது. புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளையும், வாசலில் காத்து நிற்கும் பெற்றோரும், பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்களைத்தான். அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

கதை என்னன்னு சுருக்கமா சொல்லுங்க டீச்சர், நான் நடுவுல வந்து சேர்ந்தேன்.

சனி கிரகத்தின் மிகப் பெரிய நிலவு டைட்டன். அங்கே ஒரு கொட்டாரம், அதில் 16 வயது இளவரசி. (நம் பக்கத்தில் அரண்மனையைக் கொட்டாரம் என்றுதான் சொல்வோம். கதையிலும் அப்படியே விட்டுவிட்டேன்.) சனியின் இன்னொரு நிலவான என்செலடஸில் பனிக்கட்டி வெட்டும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். வெட்டிய கட்டியெல்லாம் கொட்டாரத்துக்குப் போகிறது. பதிலுக்கு அவர்கள் மூச்சு விடுவதற்கான ஆக்சிஜன் அளந்து கொடுக்கப்படுகிறது.

ஒரு நாள் அந்த அளவைக் குறைத்து உத்தரவு வருகிறது. உத்தரவில் முத்திரை வைத்தது இளவரசியின் கை. என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலேயே வைத்துவிட்டாள். மூன்றாம் அத்தியாயத்தில் அது அவளுக்குத் தெரியவருகிறது. அதன்பிறகு அவளால் கொட்டாரத்தில் இருக்க முடியவில்லை, சரக்குக் கப்பலில் ஒளிந்து என்செலடஸுக்குப் போய்க் கலகக்காரர்களோடு சேர்கிறாள்.

சனி கிரகத்த வச்சு கதையா? பிள்ளைகளுக்கு ஆகாதும்மா.

ஒரு பாட்டி கேட்டது. அவர் பேரனைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருந்தார். தூரத்திலிருந்து பெயரை மட்டும் கேட்டால் பயமாகத்தான் இருக்கும். தொலைநோக்கி வழியாக அந்த வளையத்தை ஒருமுறை பார்த்தவர்கள் பயப்பட மாட்டார்கள். வளையம் முழுக்கப் பெரும்பாலும் தண்ணீர்ப் பனிக்கட்டிதான். தூசி அளவிலிருந்து வீட்டு அளவுவரை கோடிக்கணக்கான துண்டுகள் சுற்றி வருகின்றன. அந்தப் பாட்டி இப்போது வாசலில் நிற்பதில்லை, உள்ளே வந்து உட்கார்ந்து கேட்கிறார்.

நம்ம ஊர்ல இருந்துகிட்டு விண்வெளிக் கதை எதுக்கு? நமக்குச் சம்பந்தம் உண்டா?

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் வலிக்கும், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் 1963 நவம்பர் 21 அன்று கிளம்பியது திருவனந்தபுரத்தை ஒட்டியுள்ள தும்பாவிலிருந்து. இங்கிருந்து காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்ச் சேரலாம். பூமியின் காந்த நடுக்கோடு அந்தப் பக்கமாகப் போவதால்தான் அந்த மீனவக் கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கிருந்த புனித மகதலேனா மரியாள் தேவாலயம்தான் முதல் அலுவலகம். ராக்கெட்டின் பாகங்களைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோனார்கள்.

கிழக்கே போனால் காவல்கிணறு பக்கம் மகேந்திரகிரி. ராக்கெட் எஞ்சின்களை அங்கேதான் சோதிக்கிறார்கள். இஸ்ரோவின் தலைவர்களாக இருந்தவர்களில் மாதவன் நாயர் பிறந்தது குலசேகரத்தில், சிவன் பிறந்தது நாகர்கோவிலுக்குப் பக்கத்துச் சரக்கல்விளையில். 2025 ஜனவரியில் தலைவரான நாராயணன் மேலக்காட்டுவிளைக்காரர். சிவன் தமிழ்வழியில் அரசுப் பள்ளியில் படித்தவர். ஒரே மாவட்டத்திலிருந்து மூன்று பேர். இதற்கு மேலும் சம்பந்தம் உண்டா என்று ஒரு பிள்ளை கேட்டால், யாரோ அந்தப் பிள்ளையிடம் அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

16 வயசுன்னா எந்த வருஷக் கணக்கு?

பூமிக் கணக்கு. சனி சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய இருபத்தொன்பதரை வருடம் ஆகும். அந்தக் கணக்கில் பார்த்தால் இளவரசிக்கு இன்னும் ஒரு வயதுகூட ஆகவில்லை.

டைட்டன்ல நிஜமாவே ஆள் இருக்க முடியுமா?

இன்றைக்கு யாரும் இல்லை. 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் என்ற சிறு கலம் அங்கே இறங்கிப் படம் அனுப்பியது. ஆரஞ்சு நிறத்தில் மங்கலான வானமும் உருண்டை உருண்டையான பனிக்கற்களும் அதில் தெரிந்தன. குளிர் மைனஸ் 179 டிகிரி. காற்று பெரும்பாலும் நைட்ரஜன், கூடவே மீத்தேன். காற்றழுத்தம் பூமியில் இருப்பதுபோல ஒன்றரை மடங்கு. அழுத்தம் இருப்பதால் வெற்றிடத்தில்போல உடல் உப்பிப்போகும் ஆபத்து இல்லை. கனமான குளிர் உடையும் மூச்சுக்கு ஆக்சிஜனும் இருந்தால் வெளியே நடக்கலாம்.

ஈர்ப்போ நம் ஈர்ப்பில் ஏழில் ஒரு பங்கு. இவ்வளவு அடர்த்தியான காற்றில் கையில் இறக்கை கட்டிக்கொண்டு அடித்தால் மனிதனால் பறக்கவே முடியும். முதல் அத்தியாயத்தில் இளவரசி கொட்டாரத்து முற்றத்தில் பறப்பது இதை நம்பி எழுதியதுதான், மந்திரம் இல்லை.

மீத்தேன்தான் ஏரியா நிக்குதே, ஒரு தீக்குச்சி பட்டா எல்லாம் எரிஞ்சிடாதா?

எரியாது. எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும், டைட்டன் காற்றில் அது கிட்டத்தட்ட இல்லை. நம் வீட்டில் கேஸ் கசிந்தால் பயப்படுகிறோம். அங்கே ஆக்சிஜன் குழாய் கசிந்தால்தான் பயப்பட வேண்டும். கசியும் ஆக்சிஜன்தான் அங்கே தீப்பிடிக்கும். எட்டாம் அத்தியாயத்தில் காவல்காரர்கள் ஏன் மீத்தேன் கரையில் விளக்கோடு அலட்சியமாக நடக்கிறார்கள், உள்ளே குழாய்க்கு மட்டும் ஏன் அவ்வளவு காவல் என்பதற்குக் காரணம் இதுதான்.

ராஜா ஏன் அவளோட மாமா? அப்பா எங்க போனார்?

அப்பா இருக்கிறார், நல்ல மனிதர். ஆனால் அவருக்கு அரியணையில் உரிமை இல்லை. இது நான் இட்டுக்கட்டியது இல்லை, நம் மண்ணில் இருந்த முறை. நம் மாவட்டமும் சேர்ந்திருந்த பழைய திருவிதாங்கூர் ராஜ்யத்தில் ராஜாவுக்குப் பிறகு பட்டத்துக்கு வருவது அவர் மகன் அல்ல, சகோதரியின் மகன். மருமக்கத்தாயம் என்பார்கள். அரச குடும்பத்தில் பெண் இல்லாமல் போனால் வம்சமே நின்றுபோகும். அதனால்தான் 1900-ல் மாவேலிக்கரையிலிருந்து சேது லட்சுமி பாய், சேது பார்வதி பாய் என்ற இரண்டு சிறுமிகளைத் தத்தெடுத்தார்கள். அப்போது அவர்களுக்கு வயது ஐந்துக்குள்.

கதைக்கு இது மிகவும் முக்கியம். இளவரசி ஓடிப்போனால் ஒரு மகள் போனாள் என்று கொட்டாரம் விட்டுவிட முடியாது. அடுத்த ராஜா அவள் வயிற்றில்தான் பிறக்க வேண்டும். அவளைக் கொல்லவும் முடியாது, மறக்கவும் முடியாது. கலகக்காரர்களுக்கும் இது தெரியும். முதலில் அவளைத் தோழியாகச் சேர்க்கவில்லை, பணயமாகத்தான் வைத்துக்கொள்கிறார்கள். ஏழாம் அத்தியாயத்தில் அவள் அதைக் கண்டுபிடிக்கும்போது பல பிள்ளைகளுக்குக் கோபம் வந்தது. வர வேண்டும் என்றுதான் எழுதினேன்.

பதினாறு வயசுப் பிள்ளை ராஜ்யத்தை எதிர்க்கிறதெல்லாம் நம்புற மாதிரியா இருக்கு?

1815-ல் கௌரி பார்வதி பாய் திருவிதாங்கூரின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றபோது வயது 13. அவருடைய அக்கா கௌரி லட்சுமி பாய் அதற்கு முன் 1810-ல் ஆட்சிக்கு வந்தது 19 வயதில். அக்கா இறந்தபோது பட்டத்துக்குரிய சுவாதித் திருநாள் கைக்குழந்தை. தங்கைதான் 1829வரை நாட்டை நடத்தினார். மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று 1817-ல் ஆணை வந்தது அவர் காலத்தில்தான். அப்போது அவருக்கு வயது 15 இருக்கும்.

வயதுக்கு வந்த பெண்ணுக்கு அறிவு வரவில்லை என்று நினைப்பது நாம்தான். சரித்திரம் அப்படி நினைக்கவில்லை.

இளவரசிக்கு ஏன் பேரே இல்ல?

கொட்டாரத்தில் அவளை நட்சத்திரத்தால்தான் அழைக்கிறார்கள். ரோகிணித் திருநாள் தம்புராட்டி. திருவிதாங்கூர் குடும்பத்தில் பிறந்த நட்சத்திரத்தோடு 'திருநாள்' சேர்ப்பது வழக்கம். சுவாதித் திருநாள், சித்திரைத் திருநாள் என்று நாம் கேள்விப்பட்டவை அப்படி வந்தவைதான்.

டைட்டனின் வானம் முழுக்க அடர்ந்த ஆரஞ்சுப் புகைமூட்டம். கீழிருந்து பார்த்தால் ஒரு நட்சத்திரம் தெரியாது. தலைக்கு மேல் நிற்கிற சனிகூட வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஆக, நட்சத்திரத்தின் பெயரைச் சுமக்கிற பிள்ளை பதினாறு வருடமாக அந்த நட்சத்திரத்தைப் பார்த்ததே இல்லை. பத்மநாபபுரம் கொட்டாரத்தின் அம்பாரி முகப்புக்குப் போயிருக்கிறீர்களா? மரச் சட்டங்களுக்கு நடுவே கண்ணை வைத்தால் தெரு முழுக்கத் தெரியும், தெருவில் நிற்பவருக்கு உள்ளே இருப்பவர் தெரிய மாட்டார். என் இளவரசிக்கு அந்த ஜன்னலும் கிடைக்கவில்லை. ஆறாம் அத்தியாயத்தில் சரக்குக் கப்பல் புகையைத் தாண்டி மேலே வரும்போது கண்ணாடியில் முதன்முதலாகக் கறுப்பு வானம். அதில் லேசாகச் சிவந்த ஒரு புள்ளியைக் காட்டி ஒரு கிழவர், "அதுதான் ரோகிணி" என்கிறார். அந்தப் பக்கத்தை மட்டும் பதினோரு தடவை திருத்தி எழுதியிருக்கிறேன்.

ரோகிணி 65 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. சனிவரை நகர்ந்தாலும் அந்தத் தூரத்துக்கு அது ஒன்றுமே இல்லை. அதனால் அவள் பார்க்கிற வானமும் தேங்காப்பட்டணம் கடற்கரையில் மார்கழி ராத்திரி நாம் பார்க்கிற வானமும் ஒன்றுதான். அவள் தனக்கென்று ஒரு பெயர் வைத்துக்கொள்கிறாளா என்று கேட்பவர்களுக்கு: வைத்துக்கொள்கிறாள். எது என்று இங்கே சொல்ல மாட்டேன்.

"வெள்ளம் வருது"ன்னு ரேடியோல சொன்னதும் அவ ஏன் பயந்து ஓடுறா? எனக்குச் சிரிப்பா வந்துச்சு.

நம் பிள்ளைக்குச் சிரிப்பு வரும், மதுரையிலிருந்து வந்த பிள்ளைக்கு வராது. விளவங்கோடு பக்கத்தில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். கொட்டாரத்தில் வளர்ந்த இளவரசிக்குத் தெரிந்த தமிழில் வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போவது. தொழிலாளி சொன்னது தண்ணீர்ப் பங்கு வருகிறது என்று, அவள் கேட்டது ஆபத்து வருகிறது என்று.

கலகக்காரர்கள் அதைக் கலகம் என்று ஒருநாளும் சொல்வதில்லை, சமரம் என்கிறார்கள். நம் ஊரில் வேலைநிறுத்தத்துக்கு அந்த வார்த்தைதான். எல்லையில் பேசும் தமிழைத் திருத்த வேண்டிய தமிழ் என்று பள்ளியில் சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். விண்வெளிக்குப் போகும் முதல் தமிழ் அதுவாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

சண்டையில சத்தமே இல்லையே? சினிமால எல்லாம் டமால் டமால்னு கேக்குமே?

சத்தம் போக ஊடகம் வேண்டும். வெற்றிடத்தில் ஊடகம் இல்லை. பக்கத்திலேயே கப்பல் உடைந்தாலும் உங்களுக்குக் கேட்காது, உங்கள் மூச்சு மட்டும் தலைக்கவசத்துக்குள் கேட்கும். எழுதிப் பார்த்தபோது இதுதான் அதிகம் பயமுறுத்தியது.

இதில் ஒரு வசதியும் உண்டு. இரண்டு பேர் தலைக்கவசத்தை ஒன்றோடு ஒன்று முட்டி வைத்துப் பேசினால் கவசத்தின் வழியே சத்தம் போகும். ரேடியோ வேண்டாம், கொட்டாரத்தால் ஒட்டுக்கேட்க முடியாது. கலகக்காரர்கள் ரகசியம் பேசும்போது நெற்றியும் நெற்றியும் சேர்த்து நிற்பது அதனால்தான். சின்னப் பிள்ளைகள் இப்போது நூலக வராந்தாவில் அப்படித்தான் ரகசியம் பேசிக்கொள்கிறார்கள்.

தங்கக் கண்ணாடிக்கு எதுக்கு இவ்வளவு பெரிய சண்டை?

விண்வெளி வீரர்களின் தலைக்கவச முகக்கண்ணாடியில் நிஜமாகவே மெல்லிய தங்கப் பூச்சு உண்டு, வெயிலைத் தடுக்க. சனியில் வெயில் பூமியில் விழுவதில் 90-ல் ஒரு பங்குதான். அங்கே அந்தப் பூச்சுக்கு உபயோகமே கிடையாது. ஆனாலும் கதையில் கொட்டாரத்தார் மட்டும்தான் அதை அணியலாம், பனி வெட்டுகிறவர் அணிந்தால் தண்டனை.

உபயோகமில்லாத ஒன்றுக்காக உயிரைக் கொடுப்பார்களா என்று கேட்கிறவர்கள் கல்குளத்திலும் இரணியலிலும் நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மேலாடை அணியும் உரிமைக்காக நம் பாட்டிகளின் பாட்டிகள் 1822 தொடங்கி முப்பது வருடத்துக்கு மேல் போராடினார்கள். அதை எதிர்த்தவர்கள் சந்தையில் அந்தப் பெண்களின் துணியைக் கிழித்தார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள். 1859 ஜூலை 26-ல் அரசாணை வந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. தங்கக் கண்ணாடியை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

டைட்டனோட தரையே ஐஸ்தானே டீச்சர்? அப்புறம் எதுக்கு இன்னொரு நிலாவுல இருந்து வெட்டிக் கொண்டு வரணும்?

இதைக் கேட்டவன் எட்டாம் வகுப்புப் பையன். கேட்டபோது நான் ஐந்தாம் அத்தியாயத்தை இன்னும் வாசிக்கவில்லை. கதையின் முடிச்சை அவனே அவிழ்த்துவிட்டான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். தண்ணீரில் மின்சாரம் செலுத்தினால் ஆக்சிஜனும் ஹைட்ரஜனுமாகப் பிரியும். 9 கிலோ தண்ணீரில் 8 கிலோ ஆக்சிஜன். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் கிலோவுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் போதும். அதாவது ஒரு கிலோ பனிக்கட்டி இருந்தால் ஒருவர் ஒரு நாள் உயிர் வாழலாம். என்செலடஸில் காலுக்குக் கீழே கிலோமீட்டர் கணக்கில் பனிக்கட்டி. அதன்மேல் நின்றுகொண்டு மூச்சுக்குத் திண்டாடுகிறார்கள். ஏன்? பிரிக்கும் இயந்திரமும் மின்சாரமும் கொட்டாரத்தின் கையில். வெயில் அவ்வளவு குறைவு என்று முன் பதிலில் சொன்னேனே, அதனால் சூரியத் தகடு வைத்துத் தாங்களே மின்சாரம் எடுக்கவும் வழியில்லை.

இப்போது அவன் கேட்டதற்கு வருகிறேன். கொட்டாரத்துக்கு அந்தப் பனிக்கட்டி தேவையே இல்லை. "வெளியிலிருந்து பனி வராவிட்டால் டைட்டன் செத்துப்போகும்" என்று இளவரசிக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்திருக்கிறார்கள். ஐந்தாம் அத்தியாயத்தில் கொட்டாரத்தின் பின்பக்கம் போகிறாள். கொண்டுவந்த கட்டிகள் அத்தனையும் தொடப்படாமல் மலைபோலக் கிடக்கின்றன, அடியில் இருப்பவை அவள் பிறப்பதற்கு முன்பு வெட்டப்பட்டவை. வெட்ட வைப்பதுதான் நோக்கம். வெட்டினால்தான் மூச்சு என்று ஆக்கிவிட்டால் யாரும் நிமிர மாட்டார்கள். ஆங்கிலேயர் காலத்தில் கடலோரத்தில் இருந்தவனையே உப்பை வரி கொடுத்து வாங்க வைத்தார்கள். அதை எதிர்த்துத்தான் 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். அந்தப் பாடத்தைப் பள்ளியில் மனப்பாடம் செய்த பிள்ளைகள், இளவரசி அந்தக் குவியலின் முன்னால் நிற்கும்போதுதான் அது புரிந்தது என்றார்கள்.

ஒரு கட்டி வெட்டினா அவங்களுக்கு எவ்ளோ கிடைக்கும்?

ஒன்பதாம் வகுப்புப் பெண் கேட்டது. அவள் அப்பா ரப்பர் வெட்டுக்காரர். மூன்று மணிக்கு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறவர், மரத்துக்கு இவ்வளவு என்று கூலி. நான் கலத்தின் வேகத்தையெல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்தேன், கூலியைப் போடவில்லை. அன்று ராத்திரியே மூன்றாம் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். ஆயிரம் கிலோ வெட்டினால் ஒரு கிலோவுக்கான மூச்சு. மழை நாளில் வெட்டு இல்லாததுபோல, அங்கே கப்பல் வராத நாளில் கூலி இல்லை. அவர்கள் நெற்றியிலும் விளக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

ஒரு குதி குதிச்சா ரெண்டு தென்னை உயரம் போறாங்களே, அது ரொம்ப ஓவர் இல்லையா?

இல்லை. பூமியில் அரை மீட்டர் குதிக்கிறவர் என்செலடஸில் ஏறக்குறைய 43 மீட்டர் எழும்புவார். அங்கே ஈர்ப்பு நம்முடையதில் 87-ல் ஒரு பங்கு. ஏறி இறங்க ஒரு நிமிடம் கிட்ட ஆகும். உடையின் கனத்தைச் சேர்த்தால் உயரம் குறையும், அதையும் கதையில் குறைத்துத்தான் காட்டியிருக்கிறேன்.

அம்மாவும் மகளும் பேசும்போது நடுவுல ஏன் அவ்வளவு நேரம் சும்மா இருக்கீங்க? மறந்துட்டீங்களோன்னு நினைச்சேன்.

மறக்கவில்லை. டைட்டனுக்கும் என்செலடஸுக்கும் நடுவே தூரம் ஏறத்தாழ பத்து லட்சத்திலிருந்து பதினைந்து லட்சம் கிலோமீட்டர்வரை மாறிக்கொண்டே இருக்கும். ரேடியோ அலை ஒளியின் வேகத்தில் போனாலும் ஒரு பக்கத்துக்கு மூன்றிலிருந்து ஐந்து விநாடி ஆகும். கேட்டுப் பதில் வரப் பத்து விநாடி ஆகலாம்.

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அம்மா கேட்கிறார், "நல்லா இருக்கியா மக்களே?" கொட்டார பாஷையை விட்டு, நம் பக்கத்தில் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல 'மக்களே' என்று அவர் பேசுவது கதையில் அந்த ஒரு இடத்தில்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒன்பது விநாடி காத்திருந்தேன். முள் நகரும் சத்தம் கேட்டது. ஆறாவது விநாடியில் அம்மாவால் பொறுக்க முடியாமல், "சாப்பிட்டியா?" என்று அடுத்ததைக் கேட்டுவிடுகிறார். அதற்குள் முதல் கேள்விக்கான பதில் வந்து இரண்டும் மோதிக்கொள்கிறது. வளைகுடாவில் அப்பா இருக்கிற பிள்ளைகள் மூன்று பேர் அன்று தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வீட்டை விட்டு ஓடிப்போற பெண்ணை நல்லவளா காட்டலாமா? எங்க மகளும் படிக்கிறா.

வாசலில் நின்று ஒரு அப்பா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, கவலையாகத்தான் கேட்டார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. இளவரசி வீட்டை வெறுத்துப் போகவில்லை. தன் கை வைத்த முத்திரையால் யாருக்கு மூச்சு குறைந்ததோ அவர்களிடம் போகிறாள். போவதற்கு முன் அம்மாவிடம் சொல்ல மூன்று தடவை முயற்சி செய்கிறாள். மூன்றாவது தடவை அம்மா பேச்சை மாற்றிவிடுகிறார், ஆனால் அன்று இரவு சரக்கு வாசலின் சாவி வழக்கமான இடத்தில் இல்லாமல் மகளின் மேசைமேல் இருக்கிறது. அம்மாவுக்குத் தெரியும்.

அந்த அப்பாவிடம் ஆறாம் அத்தியாயத்தின் அச்சடித்த தாள்களைக் கொடுத்து வீட்டில் மகளோடு சேர்ந்து வாசிக்கச் சொன்னேன். இந்த விஷயத்தில் என் பேச்சைவிட அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதுதான் சரியாக இருக்கும் என்று தோன்றியது. மகள் இன்னும் வருகிறாள்.

கலகக்காரங்க எல்லாரும் நல்லவங்கதானா?

இல்லை. அவளைப் பணயமாக வைத்தது யார் என்று மேலே சொன்னேன். தளபதி ஒரு நல்ல காரியத்துக்காகப் பொய் சொல்கிறார், பதினைந்தாம் அத்தியாயத்தில் அந்தப் பொய்யால் ஆட்கள் சாகிறார்கள்.

தளபதியை எழுதும்போது என் மனதில் இருந்தவர் வேலுத்தம்பி. இங்கே பக்கத்துத் தலக்குளத்துக்காரர். 1799-ல் அநியாய வரி போட்ட மந்திரிகளுக்கு எதிராக ஜனங்களைத் திரட்டிக்கொண்டு கோட்டை வாசலுக்குப் போனார். பின்னால் அவரே தளவாய், அதாவது தலைமை மந்திரி ஆனார். 1804-ல் படியைக் குறைக்கப் பார்க்கிறார் என்று சிப்பாய்கள் அவருக்கு எதிராகவே கலகம் செய்தார்கள், அவர் அதை ஆங்கிலேயர் துணையோடு அடக்கினார். அதே மனிதர் 1809 ஜனவரி 11 அன்று கொல்லத்துக்குப் பக்கத்துக் குண்டறையில் அந்த ஆங்கிலேயருக்கு எதிராக விளம்பரம் (ஜனங்களுக்கான அறிவிப்பு) வெளியிட்டார், பிடிபடாமல் கேரளத்து மண்ணடியில் உயிர்விட்டார். ஒரே ஆயுளில் இத்தனையும். என் தளபதியும் ஒரு நாள் நல்லது செய்கிறார், மறுநாள் தப்பு செய்கிறார். இளவரசி இரண்டையும் பார்க்கிறாள், பார்த்தபிறகும் அங்கேயே இருக்கிறாள்.

சாவு எல்லாம் வருதே, எத்தனை வயசுப் பிள்ளைக்குக் கொடுக்கலாம்?

12 வயதுக்கு மேல். இறப்பு வரும், அதை வேடிக்கையாக எழுதவில்லை. பதினைந்தாம் அத்தியாயத்தை மட்டும் பெரியவர் யாராவது கூட இருந்து வாசிப்பது நல்லது.

லவ் உண்டா?

கப்பல் ஓட்டுகிற ஒரு பையன் இருக்கிறான். நல்ல நண்பன். இப்போதைக்கு அவ்வளவுதான்.

கடைசில அவ பூமிக்கு வருவாளா?

வர மாட்டாள். காசினி விண்கலம் 1997 அக்டோபரில் கிளம்பிச் சனியை அடைந்தது 2004-ல். ஏறக்குறைய ஏழு வருடம். ஏழில் ஒரு பங்கு ஈர்ப்பில் வளர்ந்த எலும்பு இங்கே அவளை நிற்க விடாது. டைட்டனிலிருந்து என்செலடஸுக்கு நான்கு நாள் பயணம் என்று வைத்திருப்பதும் கணக்குப் போட்டுத்தான்.

புத்தகமா எப்போ வரும்? மலையாளத்துல வருமா?

முடிந்த பிறகுதான் அச்சைப் பற்றி யோசிப்பேன், இன்னும் ஐந்து அத்தியாயம் இருக்கிறது. பாறசாலையிலிருந்து வருகிற இரண்டு பிள்ளைகள் வீட்டில் மலையாளத்தில் சொல்லிச் சொல்லி முதல் நான்கு அத்தியாயங்களை எழுதியே வைத்துவிட்டார்கள். அவர்கள் மொழிபெயர்ப்பில் 'வெள்ளம்' நகைச்சுவை வேலை செய்யவில்லை, அதற்கு என்ன செய்யலாம் என்று மூன்று பேரும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

இதே உலகத்துல நானும் என் கதைய எழுதலாமா டீச்சர்?

தாராளமாக எழுதலாம். என்னிடம் அனுமதிகூடக் கேட்க வேண்டாம். இரண்டு விஷயத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: பேச்சுக்கு நடுவே எத்தனை விநாடி தாமதம் என்று கணக்குப் போடுங்கள், உங்கள் கதையில் வேலை செய்கிறவருக்கு என்ன கூலி என்று முதல் பக்கத்திலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். ரப்பர் வெட்டுக்காரரின் மகள் ஏற்கெனவே ஒன்று எழுதிவிட்டாள். சரக்குக் கப்பலில் ரோகிணியைக் காட்டினாரே அந்தக் கிழவர், அவருடைய கதை. வரும் சனிக்கிழமை ஐந்து மணிக்கு அவளே வாசிக்கிறாள்.